“664 பிளாக்ஸ் ஃப்ரீ” படம் சான்று ஆகாது: பழைய 1541 டிரைவ் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கான கமடோர் 1541 ஃப்ளாப்பி டிரைவ்களைத் துடைத்து, பழுதுபார்த்து, “சோதிக்கப்பட்டது, நன்றாக வேலை செய்கிறது” என்று எழுதி விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். கமடோர் நிறுவனம் 1994-லேயே திவாலாகிவிட்டது. முறையிட உற்பத்தியாளர் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை. 1982-இல் வந்த இந்த டிரைவுக்கு இன்று உத்தரவாதம் என்று இருப்பது நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிதான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

அண்மையில் விற்பனைக்கு வந்த ஒரு டிரைவோடு சான்றாக ஒரு படம் போட்டிருந்தார்கள். நீலத் திரை, அதில் டைரக்டரி (டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியல்), கடைசி வரியில் “664 பிளாக்ஸ் ஃப்ரீ”. வாங்கியவர் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய தன் டிஸ்க்குகளைப் போட்டார். சிவப்பு விளக்கு மினுக்கியது, டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் தடதடத்தது, ஒரு கோப்பும் வரவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது போலும் என்று அவர் ஒரு பெட்டி டிஸ்க்கையும் தூக்கி எறியும் நிலைக்கு வந்துவிட்டார். டிஸ்க்குகளில் ஒரு குறையும் இல்லை. ஹெட் தடம் விலகியிருந்தது, அவ்வளவுதான்.

பிளாக் என்பது டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டு. 664 பிளாக் காலி என்றால் அது புதிதாக ஃபார்மேட் செய்த வெற்று டிஸ்க். பெரும்பாலும் அதே டிரைவில் ஃபார்மேட் செய்தது. கோணல் அளவுகோலால் போட்ட கோட்டை அதே அளவுகோலால் அளந்தால் சரியாகத்தான் இருக்கும். அலைன்மெண்ட் (ஹெட் தடத்தின் மேல் சரியாக நிற்பது) விலகிய 1541 தான் எழுதியதைத் தானே பிசிறில்லாமல் படிக்கும். மற்ற டிரைவ் எழுதியதைத்தான் படிக்காது. அந்தப் படம் மோட்டார் சுற்றுகிறது, ஹெட்டின் சுருள் அறுபடவில்லை, கேபிள் பேசுகிறது என்று மட்டுமே சொல்கிறது.

அதனால் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: வேறொரு நல்ல டிரைவில் எழுதிய டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்துப் பார்த்த பிறகு “வேலை செய்கிறது” என்று எழுதுங்கள்.

“முழுக்க” என்பதற்குக் காரணம் உண்டு. டிஸ்க்கில் வட்ட வட்டமாக இருக்கும் தடங்கள்தான் ட்ராக்குகள். டைரக்டரி இருப்பது 18-ஆம் ட்ராக்கில். கோப்புகளை எழுதும்போது 1541 முதலில் 17, 19 என்று அதன் அக்கம்பக்கத்தில்தான் இடம் பிடிக்கும். இடம் நிரம்ப நிரம்பத்தான் ஓரத்துக்குப் போகும். ஆகவே ஒரு சின்ன விளையாட்டை ஏற்றிக் காட்டினால் ஹெட் நடுவைவிட்டு நகரவே இல்லை என்று பொருள். டிஸ்க் நிறைந்திருக்க வேண்டும். 1 முதல் 35 வரை எல்லா ட்ராக்கிலும் உள்ள 683 பிளாக்கையும் (டைரக்டரி ட்ராக்கின் 19-உம் சேர்த்து) ஒவ்வொன்றாகப் படிக்கும் ஒரு சிறு நிரலை ஓடவிட வேண்டும். 20, 21, 23, 27 என்ற பிழை எண்கள் ஒரே பக்கத்து ட்ராக்குகளில் குவிந்தால் சந்தேகம் அலைன்மெண்ட் மேல். அங்கொன்று இங்கொன்று என்றால் முதலில் ஹெட்டைத் துடையுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி போதும். மேலே இருக்கும் ஃபெல்ட் பட்டை வைத்த கையை நிமிர்த்தி வளைத்துவிடாதீர்கள், அதன் அழுத்தம் போனால் புதிதாக ஒரு நோய் வரும்.

நகலெடுக்க முடியாதபடி காப்புப் பூட்டு போட்ட விளையாட்டு டிஸ்க்கை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அவற்றில் பல வேண்டுமென்றே பிழை வைத்தவை. இந்த டிரைவில் ஹெட் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார் கிடையாது. பிழை வந்தால், ஃபார்மேட் தொடங்கினால், ஹெட்டை வெளிப்பக்கத் தடுப்பில் போய் முட்டும்வரை தள்ளித்தான் முதல் ட்ராக்கைக் கண்டுபிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தடதடப்பு அதுதான். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் அழுத்திச் செருகிய புல்லி, முட்டி முட்டிச் சூட்டில் தளர்ந்து மயிரிழை நழுவும். இரண்டு ட்ராக்குக்கு நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர் சொச்சம். மயிரிழையே இங்கே பெரிய தூரம். நழுவினால் பிழை, பிழை வந்தால் மறுபடி முட்டல், முட்டினால் இன்னும் நழுவல். ஸ்டெப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகைத் தளர்த்தி, நல்ல டிஸ்க்கைப் படிக்கவிட்டபடியே லேசாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் புல்லியே தளர்ந்திருந்தால் அதை நிலையாகப் பிணைக்காமல் செய்த சரிபார்ப்பு பத்து நாள் தாங்காது. மின்மாற்றி உள்ளேயே இருப்பதால் பெட்டி நன்றாகச் சூடேறும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் ஒருமுறை படிக்கவைத்துப் பாருங்கள்.

டிஸ்க் சுற்றும் வேகமும் அப்படியே. நிமிடத்துக்கு 300 சுற்று. அடியில் உள்ள சக்கரத்தில் 50, 60 ஹெர்ட்ஸுக்குத் தனித்தனியாகக் கோடுகள் இருக்கின்றன. பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டின் கீழே உங்கள் ஊர் மின்சாரத்துக்குரிய கோடு அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி விளக்கில் இதை நம்ப முடியாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், பாதிப்பு டிரைவோடு நிற்பதில்லை. தடம் விலகிய டிரைவில் ஒருவர் தன் பழைய டிஸ்க்கில் ஒரே ஒருமுறை சேமித்தால் போதும், புதிய எழுத்து பழைய தடத்தின் மேல் பாதியும் வெளியே பாதியுமாக விழும். பிறகு நல்ல டிரைவும் அதைச் சரியாகப் படிக்காது. போன டிரைவுக்கு இன்னொன்று கிடைக்கும். அந்த டிஸ்க்கில் இருந்த கடிதம் கிடைக்காது. பூஞ்சை பிடித்த டிஸ்க்கைச் சோதனைக்குப் போட்டு ஹெட்டை அழுக்காக்கி, அப்படியே கட்டி அனுப்புவதும் நடக்கிறது. அடுத்து நுழையும் நல்ல டிஸ்க்கை அந்த அழுக்கு கீறிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடியவில்லை. அமெரிக்க 120 வோல்ட் டிரைவை 230 வோல்ட் நாட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புகிறார்கள். ஹெட்டைக் காக்கும் அட்டையைச் செருகாமல், கதவைத் திறந்தபடி, ஒற்றைச் சுற்று செய்தித்தாளில் மடித்துக் கட்டுகிறார்கள். கேபிளை மின்சாரம் ஓடும்போதே பிடுங்கிச் செருகி, டிரைவில் கேபிள் வழியே சமிக்ஞை அனுப்பும் 7406 சிப்பையும் கணினியில் உள்ள சிப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். “பழைய சாமான், இப்படித்தான் இருக்கும்” என்ற பதிலை இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வாங்கும் விலை பழைய சாமான் விலையாக இல்லை.

உங்களில் பலர் இந்த டிரைவ்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தவர்கள் என்பதை மறக்கவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் படிக்க ஒரு டிரைவும் மிஞ்சியிருக்காது. அந்த மரியாதையோடுதான் மீண்டும் கேட்கிறோம்: வேறு டிரைவில் நிரப்பி எழுதிய டிஸ்க், டிரைவ் அதில் எழுதிவிடாதபடி அதன் ஓரத்தில் ஒளி புகாத டேப்பால் மூடிய எழுத்துக் காப்பு வெட்டு (கண்ணாடி டேப் வேண்டாம், டிரைவ் வெட்டை உணர்வது ஒளியால்), 35 ட்ராக்கும் பிழையில்லாத முடிவு. அந்தத் திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். அரை மணி நேர வேலை.

இரண்டாவது டிரைவ் கைவசம் இல்லையென்றால் “மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், அலைன்மெண்ட் சோதிக்கவில்லை” என்று எழுதிவிடுங்கள், தயவுசெய்து. அதைப் பார்ப்பவர் முதலில் டிரைவைச் சரிபார்ப்பார், தன் டிஸ்க்கை அப்புறம் போடுவார்.

இப்படிக்கு,
பழைய டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலையில் இருப்பவர்கள்