கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை: கடலூர் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டுமுன், தயவுசெய்து அவன் காதைச் சோதியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சளி பிடிக்காத வகுப்பு நம் பக்கம் ஏது? மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு வயதில் குட்டை; அதிகச் சாய்வும் இராது. சளியில் அது அடைத்துக்கொண்டால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் வீட்டிலும் தெரியாது. இன்று நன்றாகக் கேட்கும், நாளை மந்தமாகும். சொல்வதெழுதல் நோட்டைப் புரட்டுங்கள்: கட்டு, தட்டு, பட்டு என்று மாறி மாறி விழுந்திருக்கும்.

சோதிக்கக் கருவி வேண்டாம், அமைதியான அறை போதும். உங்கள் உதடு தெரியாதபடி பிள்ளையின் பின்னால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். சோதிக்காத காதின் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை விரலால் அழுத்தி மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மூச்சை முழுதும் விட்டபின், குரல் எழாமல் 'ஏழு, க, மூன்று' என்று கிசுகிசுங்கள். மூன்றும் சரியென்றால் அடுத்த காது. தவறினால் வேறு மூன்று சொல்லுங்கள். ஆறில் குறைந்தது மூன்று சரியாக வராவிட்டால் ஈஎன்டி டாக்டர் பார்க்க வேண்டும்.

காதில் சீழ் வடிந்தால் பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பூண்டு காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எதுவும் கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் சில மருந்துகள் உள்காதையே கெடுத்துவிடும். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதுத் துளையில் வைத்து, நனைந்ததும் எடுத்துப் புதுத் திரி வைக்க வேண்டும். திரி உலர்ந்து வரும்வரை, நாளுக்கு மூன்று முறையாவது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடாப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் ஆறும்வரை கடலில் முங்கக் கூடாது. வடிவது நின்றதாலேயே ஓட்டை மூடிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் வடிந்தாலோ நாற்றம் அடித்தாலோ எலும்பை அரிக்கும் நோயாக இருக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறோம், கோபிக்காதீர்கள். கன்னத்தில் விழும் அறை காதோடு சேர்ந்து விழுந்தால், உள்ளே அடைபடும் காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும். எந்தப் பிள்ளை மேலும் கை ஓங்க வேண்டாம்.

மந்தமாகக் கேட்கும் பிள்ளையை முன்வரிசையில், நல்ல காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லாதீர்கள். சோதனையில் தவறிய பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். சீழோடு காய்ச்சல், காதின் பின்னால் வீக்கம், தலைசுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல் இருந்தால் குழு வரும்வரை காத்திராமல் அன்றே அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
காதுநலப் பணியில் இருப்பவர்கள், கடலூர்