கால் ஸ்பூன் கணக்கு

அன்புள்ள தோழிக்கு,

தை மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மார்கழியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5ஐத் தொட்டால் நீரிழிவு என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உன் அப்பாவின் கால்தான். அதனால்தான் இந்தச் செய்தியை மட்டும் தனியாக எழுத மனம் வரவில்லை. ஒரு நல்ல செய்தியும் கையில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

பொங்கலன்றே இனிப்பை அடியோடு நிறுத்தினேன். பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பதின்மூன்றாம் நாள் மாலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நீ அனுப்பிய பால்கோவாப் பெட்டியில் மிச்சமிருந்த அவ்வளவையும் நின்ற இடத்திலேயே தின்று முடித்தேன். விடுதியில் வார்டன் அறை டப்பாவை நாம் காலி செய்த இரவு உனக்கு நினைவிருக்கும். அன்று இருந்த மகிழ்ச்சியில் ஒரு துளியும் இந்த முறை இல்லை.

பிறகு நாட்டுச் சர்க்கரைக்கு மாறினேன். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் உடம்புக்கு நல்லவை என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்லித்தானே வளர்ந்தோம்? அந்தத் தைரியத்தில் ஒரு ஸ்பூன் கூடுதலாகவே போட்டுக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் மறுபடி பார்த்தபோது அதே 6.3. வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கலாம், ஆனால் அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தத்துக்கு நிறம் தெரியாது என்று மருத்துவர் சொன்னார். நீயும் கருப்பட்டிக் காப்பியை நம்பித்தான் இருக்கிறாய் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சித்திரை முதல் தேதி வேறு வழியைத் தொடங்கினேன். நாள் ஒன்றுக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். தலை தட்டிய ஸ்பூன் ஒன்றில் நான்கு கிராம் அளவுக்குச் சர்க்கரை நிற்கும். ஆறு ஸ்பூனுக்கு 24 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்தமே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் சொன்ன அளவு எனக்குக் காப்பியிலேயே தீர்ந்துவிட்டது, அதுவும் கூம்பாகக் குவித்துப் போட்டதைக் கணக்கில் சேர்க்காமல். ஆகவே முதலில் கத்தியின் முதுகால் ஸ்பூனைத் தலை தட்டப் பழகினேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் ஸ்பூன் மட்டும் குறைத்தேன். குறைத்த தேதியைப் பென்சிலால் எழுதிச் சர்க்கரை டப்பாவின் மூடியில் ஒட்டிவைப்பேன். அந்தத் தேதிக்கு முன்னால் அளவைத் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் மூன்று நாள் காப்பி சப்பென்று இருந்தது, நான்காம் நாள் அதுவே சரியான காப்பியாகிவிட்டது. ஆனி முடிவதற்குள் அரை ஸ்பூனுக்கு வந்துவிட்டேன்.

அது பழகிய பிறகுதான் மற்றவற்றில் கை வைத்தேன். நான்கு மணி பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் வந்தது. மதியம் பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருகிறேன், அப்போது மூன்றாவது கரண்டியை வயிறு கேட்பதில்லை.

ஆனிக் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்ததும் பாகைக் குடித்ததுபோல நாக்கில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சாதாரணமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்ளரில் பாதி அப்படியே இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் எனக்கும் அதுதான் அளவு என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆடியில் எடுத்த பரிசோதனையில் 5.9. இன்னும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன், ஆனால் திரும்பி நடக்கிறேன்.

இனி உன் விஷயம். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. தாகம் இல்லை, களைப்பு இல்லை, எடைகூடக் கூடவில்லை. நாட்டில் இப்படி எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. உன் அப்பாவுக்கும் கால் விரலில் புண் வந்த பிறகுதானே நீரிழிவு இருப்பது தெரிந்தது? ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. நேரடி ரத்த உறவில் இருந்திருப்பதால் என்னைவிட உனக்குத்தான் இந்தப் பரிசோதனை அவசியம்.

தீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு கிலோ வேண்டாம், கால் கிலோ அனுப்பு. வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் சாப்பிடுவோம். அந்தப் பெட்டிக்குள் உன் பரிசோதனைச் சீட்டின் நகலையும் மடித்து வை. சீட்டு இல்லாமல் பெட்டி வந்தால், அதைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி வந்துவிடுவேன்.

உன்
அறை எண் 14 தோழி