உளச்சிகிச்சையாளர் பயிற்சி: மேற்பார்வையும் சொந்தச் சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி முடித்தவர்களுக்கான படிப்புகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், உளச்சிகிச்சையாளர் ஆவதற்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பே போதும் என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகப் பள்ளி மனநல ஆலோசகராகப் பணியாற்றுபவள், ஒருங்கிணைந்த உளச்சிகிச்சையில் பகுதிநேரப் பயிற்சி பெற்று வருபவள் என்ற முறையில் அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பல முறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலப்பதுதான் ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை என்று பலரும் நினைக்கிறார்கள். கார்ல் ராஜர்ஸ் வற்புறுத்திய நிபந்தனையற்ற ஏற்பு, எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற உதவும் ஆரன் பெக்கின் சிந்தனைவழிச் சிகிச்சை, மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகும் விதத்தை ஆராயும் எரிக் பெர்னின் பரிமாற்றப் பகுப்பாய்வு ஆகிய எல்லாவற்றையும் இது பயன்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த மனிதருக்கு, இந்த வேளையில், ஏன் இந்த முறை என்ற கேள்விக்குக் காரணத்தோடு விடை சொல்லத் தெரிந்தால்தான் அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர். 1976இல் நியூயார்க்கில் இதற்கெனப் பயிற்சி நிலையம் தொடங்கிய ரிச்சர்ட் எர்ஸ்கின், ஒருவர் தாங்க முடியாமல் தமக்குள் ஒதுக்கி வைத்துவிட்ட பகுதிகளை மீண்டும் அவரோடு சேர்ப்பதையும் அச்சொல்லுக்குப் பொருளாகக் கொண்டார். அந்த வேலைக்குச் சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே உருவாகும் உறவே முதன்மையான கருவி.

கருவி ஓர் ஆளாக இருக்கும்போது பயிற்சியும் அந்த ஆளையே தொட வேண்டும். ஐரோப்பிய உளச்சிகிச்சைச் சங்கம் தன் சான்றிதழுக்கு மொத்தம் 3,200 மணி நேரப் படிப்பையும் பயிற்சியையும் ஏழு ஆண்டுகளில் முடிக்கக் கேட்கிறது. அதில் குறைந்தது நான்கு ஆண்டுகள் உளச்சிகிச்சைக்கே உரியவை. பயிற்சி பெறுபவர் தாமே சிகிச்சை பெற்று அறியும் அனுபவம் 250 மணி நேரம், பிறருக்குச் சிகிச்சை அளிப்பது 300 மணி நேரம், அப்படி அளித்த சிகிச்சையை அனுபவமுள்ள ஒருவரோடு பேசி ஆராயும் மேற்பார்வை 150 மணி நேரம் என்பது அதன் கணக்கு.

இந்த எண்களின் பொருள் எனக்கு ஒரு மாணவியால்தான் விளங்கியது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து படித்த பிளஸ் டூ மாணவி அவள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தந்தையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. என் அறைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நான் அவள் மனதில் ஓடும் எண்ணங்களைத் தாளில் எழுதச் சொன்னேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன், அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். நான்காவது வாரம் அவள் வரவில்லை; அதன் பிறகும் வரவேயில்லை. அரப்பாளையத்தில் பேருந்து ஏறிக் கோயம்புத்தூர் சென்று மாதம் ஒருமுறை நான் சந்திக்கும் மேற்பார்வையாளர், நான் கையாண்ட முறைகளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. “அந்தப் பிள்ளை பேசாமல் இருந்தபோது உங்களுக்கு என்ன செய்தது?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் ஒன்பதாவது வயதில் அப்பா இறந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழாமல் இருந்த நாட்கள், பிறகு நானே சிகிச்சைக்குச் சென்று அமர்ந்தபோதுதான் வெளியே வந்தன. அந்த மௌனத்தை அவளால் தாங்க முடிந்தது, என்னால் முடியவில்லை. புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன்.

கவுன்சலிங் என்பதற்கு நம்மிடம் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல் வழங்குகிறது. சங்க காலத்து ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அந்த வழியில் சென்று பரிசில் பெற்று வந்தவன். எதிரே வறுமையோடு வருபவனும் அவனைப் போன்ற ஒரு பாணனோ பொருநனோதான். சான்றிதழ் தருபவர்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, வழியை நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

மொழியும் ஒரு பெரிய தடை. என் பயிற்சியில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் என்னிடம் வரும் தாய்மார்கள் “நெஞ்சுக்குள்ள கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு” என்கிறார்கள். மேலமடை பாண்டி கோயிலுக்குப் போய் வந்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதைக் கேலி செய்யாமலும், நோய்ப் பெயர் ஒன்றை உடனே ஒட்டிவிடாமலும் கேட்பதற்கு, தமிழிலேயே மேற்பார்வை நடக்க வேண்டும்.

சட்டம் இதில் பாதி தூரமே வந்திருக்கிறது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெறுகிறார்கள். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர முனைகிறது. அதையொட்டி 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பிப்பதை நிறுத்தச் சொன்னது. அந்த முடிவை நான் வரவேற்கிறேன். ஆனால் நேரில் வகுப்பு நடத்துவதாலேயே மேற்பார்வை வந்துவிடாது.

மதுரையில் உளவியல் துறைகள் உள்ளன, அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது, மனநலத் தொண்டு நிறுவனங்களும் உள்ளன. இவை சேர்ந்து, வேலை பார்ப்பவர்களும் பயிலும்படி வார இறுதியில் நடக்கும் நான்காண்டுத் தமிழ்வழிப் பயிற்சி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி பெறுபவர் தாமே பெற வேண்டிய தனிச் சிகிச்சைக்கான கட்டணம் பலருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், அதில் ஒரு பகுதியைக் குழுச் சிகிச்சையாக நடத்தலாம். அதுவரை, மாதம் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு வந்துபோக ஒரு மேற்பார்வையாளருக்குப் பயணச் செலவும், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறையும் ஏதேனும் ஒரு கல்லூரி தந்தால், பள்ளிகளில் தனித்தனியே திணறிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் அந்த மாதமே வந்து சேர்ந்துகொள்வோம்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர் ஒருவர்,
மதுரை.