மார்ச் மாதக் கடிகாரமும் ஒரு காற்புள்ளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்கல்வியில் தொழில்நுட்பம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல நாட்டு மாணவர்கள் ஒரே திரையில் கூடிப் படிக்கிறார்கள், இனி விசாவும் விமானச் சீட்டும் இல்லாமலே உலகக் கல்வி கைக்கு எட்டிவிடும் என்று உற்சாகமாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். உற்சாகம் எனக்கும் உண்டு. நான்கு ஆண்டுகளாக ஒரு ஜெர்மானியக் கல்லூரியோடும் ஒரு கனடியக் கல்லூரியோடும் சேர்ந்து புள்ளியியல் பாடம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆனால் கட்டுரை முழுக்க மென்பொருள்களின் பெயர்கள்தான். அவற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை மணி நேரம் செலவழிக்கிறார்கள், அந்த நேரம் யார் கணக்கில் ஏறுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இந்த முறையே கொரோனா காலத்தில் பிறந்தது என்ற தொனி கட்டுரையில் இருந்தது. உண்மையில் இதற்கு வயது அதிகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1997இல் ‘கல்ச்சுரா’ என்ற மொழிப்பாடத் திட்டம் தொடங்கியது. பிரெஞ்சு படிக்கும் அமெரிக்க மாணவர்களும் ஆங்கிலம் படிக்கும் பிரான்ஸ் மாணவர்களும் ஒரே வினாத்தாளை நிரப்புவார்கள், அவரவர் தாய்மொழியில். ‘தனிமனிதவாதம்’ என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பது போன்ற கேள்விகள். அமெரிக்கப் பக்கத்தில் சுதந்திரம் என்று வரும், பிரெஞ்சுப் பக்கத்தில் சுயநலம் என்று வரும். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஏன் இப்படி என்று எழுதி எழுதியே விவாதித்தார்கள். வேகமான இணைப்பு, பெரிய திரை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

2006இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது. இணையவழிக் கூட்டுப் பன்னாட்டுக் கற்றல் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். COIL என்ற ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே தமிழில் எழுதினால் ‘கோயில்’ என்று வரும். முதல் கூட்டத்தில் நான் அதைச் சொன்னதும் என் மாணவர்கள் சிரித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லவே ஐந்து நிமிடம் போயிற்று. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1987 முதல் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி வரும் ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டமும் 2018இல் இணையவழிப் பரிமாற்றத்தைச் சேர்த்துக்கொண்டது. உலகில் உயர்கல்வி படிக்கும் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க வாய்க்கிறது. மற்ற தொண்ணூற்றேழு பேருக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

ஆனால் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சொற்பொழிவைப் பார்ப்பதும் சேர்ந்து படிப்பதும் ஒன்றாகிவிடாது. எங்கள் பாடத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும்.

மூன்று ஊர்களின் மாத மழையளவை ஒப்பிட வேண்டும், இதுதான் வேலை. ஒவ்வொரு குழுவிலும் மூன்று நாட்டு மாணவர்களும் இருப்பார்கள். ஜெர்மானியப் பக்கத்திலிருந்து வந்த கோப்பில் ஒரு ஜூலை மாத மழை 62,4 மில்லிமீட்டர் என்று இருந்தது. அங்கே தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். எங்கள் கணினியோ காற்புள்ளியைக் கண்டதும் ஆயிரத்தைப் பிரிக்கும் குறி என்று எடுத்துக்கொண்டு 624 ஆக்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை. அடைமழைக் காலத்தில் ஒரே மாதத்தில் அறுநூறு மில்லிமீட்டர் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? வரைபடம் போட்டார்கள், விளக்கமும் எழுதினார்கள், அழகாகத்தான் இருந்தது. அதைத் திறந்து பார்த்த ஜெர்மானிய மாணவி ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதினாள்: “எங்கள் ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தால்தான் இவ்வளவு வரும்.”

அப்புறம் அந்தக் குழு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லா எண்ணையும் திரும்பப் பார்த்தார்கள். 03/04 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று ஒரு தனிச் சண்டை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் பன்னாட்டுத் தர முறை எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பிடிபட்டது. கனடாவின் கணக்கில் பனியையும் உருக்கி அளந்து சேர்த்திருந்தார்கள் என்பது அதற்கும் அடுத்த வாரம் தெரிய வந்தது. தரவுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அந்த ஒரு காற்புள்ளி கற்றுக்கொடுத்த அளவுக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் தவறை எங்கள் வகுப்பு மட்டும் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்காது. அவர்கள் வகுப்பு மட்டும் இருந்திருந்தால் தவறே நேர்ந்திருக்காது.

இப்படி ஒரு வேலையை யோசித்து அமைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. எந்த மென்பொருளும் அதைச் செய்து தராது.

நேரம் என்றதும் கடிகாரக் கதை ஞாபகம் வருகிறது. எங்களுக்கு இரவு 7.30 என்றால் ஜெர்மனியில் பிற்பகல் 3, கனடாக் கல்லூரி இருக்கும் ஊரில் காலை 9. இப்படி மூன்று பக்கமும் பேசி முடிவு செய்தோம். முதல் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது வாரம் முடிந்த கையோடு கனடாக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து யாரும் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடைக்காக அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கிறார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு. எங்களுக்கோ வருடம் முழுக்க ஒரே நேரம்தான். இடைப்பட்ட நாட்களில் நாங்களும் ஜெர்மானியர்களும் ஒரு கணக்கில் இருந்தோம், கனடாக்காரர்கள் வேறு கணக்கில் இருந்தார்கள். மாத இறுதியில் அவர்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள், எங்களுக்கு மட்டும் வகுப்பு 6.30 ஆகிவிட்டது. பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் சேர்ந்த மாணவர்கள் அந்த ஆண்டு பாதிப் பேர். இப்போதெல்லாம் உலகப் பொது நேரத்தை வைத்துத்தான் அட்டவணை போடுகிறேன். இது பெரிய ஞானமில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு பருவத்தில் என் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். எட்டு வாரப் பாடம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரச் சந்திப்பு. ஆக, கல்லூரிப் பதிவேட்டில் ஏறியது 12 மணி நேரம். நோட்டில் இருந்தது அதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். மற்ற இரண்டு ஆசிரியர்களோடு பாடத்தைத் திட்டமிட்டது, குழு பிரித்தது, மூன்று கல்லூரிகளின் மதிப்பெண் முறைகளை ஒன்றோடொன்று பொருத்தியது, இரவு பதினொரு மணிக்குப் பகிர்வுக் கோப்பில் யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று திருத்த வரலாற்றைப் பார்த்தது, எல்லாம் அதில் அடக்கம். ஒருமுறை அந்த வரலாற்றில்தான் ஒன்று கண்ணில் பட்டது. “இந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை” என்று ஒரு வெளிநாட்டு மாணவர் சாதாரணமாகக் கேட்டிருந்ததற்கு, என் மாணவன் பதில் எழுதாமல் பத்தியையே அழித்துவிட்டிருந்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தவறு என்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டானாம். அழித்ததை மீட்டு, அவனைக் கூப்பிட்டுப் பேசி, பதிலை எழுத வைத்ததற்கு எந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறது?

மாணவர் பக்கமும் இதே கதைதான். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட் என்ற கணக்கு நெடுங்காலமாக நடப்பில் இருக்கிறது. எனவே ஜெர்மானிய மாணவர்களுக்கு இந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கிறது, எங்கள் மாணவர்களுக்கு வண்ணத்தில் அச்சடித்த ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. ஆறாவது வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்ததும் எங்கள் பக்கம் திரைகள் ஒவ்வொன்றாக அணையும். அக்கறையில்லை என்று அந்தப் பக்கம் நினைக்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளை மதிப்பெண் உள்ள இடத்துக்குத்தானே முதலில் ஓடும்? எந்த நாட்டில் படித்த படிப்பையும் முறையாக மதிப்பிட்டு ஏற்க வேண்டும் என்ற யுனெஸ்கோவின் உலக உடன்படிக்கை 2019இல் நிறைவேறி 2023 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இணையவழிக் கல்வியையும் அது ஒதுக்கவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து அறையில் இருக்கும் தேர்வுப் பிரிவு ஏற்றுக்கொண்டால் போதும் என்பதே என் போன்றவர்களின் ஆசை.

படித்து முடித்தபின் இவர்கள் போகப்போகும் உலகம் ஏற்கெனவே இப்படித்தான் இயங்குகிறது. ஹிக்ஸ் என்ற, அணுவுக்கும் சிறிய துகளின் நிறை பற்றி 2015இல் வெளியான இயற்பியல் ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். முப்பத்து மூன்று பக்கக் கட்டுரையில் இருபத்து நான்கு பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்! அந்த அளவுக்கு எங்களுக்குப் பேராசை இல்லை. ஒரு குழுவில் ஆறு பேர், ஒரு கோப்பு.

நிர்வாகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவதில் சளைப்பதில்லை. கையெழுத்து, படம், செய்தி, மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். அதில் ஆசிரியரின் திட்டமிடும் நேரம் பணிநேரமாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி, இரு பக்க மாணவருக்கும் ஒரே அளவு கிரெடிட் என்று ஒரு வரி, இந்த இரண்டையும் சேர்க்கச் சொல்லி உங்கள் இதழ் எழுதினால் நன்றாயிருக்கும். அடுத்த முறை இது பற்றிக் கட்டுரை வரும்போது அந்தக் கட்டுரையாளர் எந்தச் செயலி என்று கேட்பதோடு, பாடத்தை யார் எப்போது தயாரித்தார்கள் என்றும் கேட்கட்டும்.

எங்கள் அடுத்த பருவ அட்டவணை போன வாரம் வந்தது. கூட்டுப் பாடத்துக்கு அதில் கட்டம் இல்லை. “மற்றவை” என்ற தலைப்பின் கீழ் அடைத்திருக்கிறார்கள். மார்ச் மாத நேரக் கணக்கை மட்டும் இப்போதே போட்டு மூன்று பக்கத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்