பதிவேட்டைத் திறந்து காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். சேலம் மாநகரிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் அரசு அலுவலகங்கள் மக்களின் உரிமைகளை எப்படி மதிக்கின்றன என்று தாள் தாளாகப் பார்த்துத் தொகுத்திருக்கிறோம். அதில் பாராட்டும் உண்டு, கண்டனமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்: தாளில் தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, காரணம் எழுதியிருக்கிறதா. அப்படிப்பட்ட தாள்கள் கைக்கு வரக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, அஸ்தம்பட்டி நீதிமன்றப் பக்கம் மனு அடித்துத் தரும் தட்டச்சர்களுக்கு. "கைது நடைமுறை பின்பற்றப்படுகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரு சொல்லில் பதில் வந்து நின்றுவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தைத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்க முடியும். அதிகாரியின் விளக்கத்தை வாங்க முடியாது. அதனால் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான கைது மெமோக்களின் நகல், பெயர்களை மறைத்து" என்று கேட்கும்படி திருத்தினார்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தர பிரிவு 10 இருக்கிறது. மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். அதே ஸ்டாம்பை ஒட்டி ரயில்வே கோட்டத்துக்கோ இரும்பாலைக்கோ அனுப்பினால் மனு திரும்பி வரும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு போஸ்டல் ஆர்டர் போன்ற வேறு வழியில் கட்ட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஒருவரின் உயிர், சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். அந்த வரியை மனுவின் தலைப்பிலேயே எழுத வேண்டும். உள்ளே எங்கோ எழுதினால் யார் கண்ணிலும் படாது.

காவல் நிலையங்களைப் பற்றிய பகுதிக்கு உதவிய வழக்கறிஞர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. வெளியிலிருந்து எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்று பிரித்துக் காட்டியவர்கள் அவர்கள். கைது நடைமுறை பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன 11 கட்டளைகளில் பல இன்று சட்டமாகவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 37, கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு நிலையத்திலும் பார்வையில் படும்படி வைக்கச் சொல்கிறது. உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவர் அதற்குப் பொறுப்பு. இதைச் சரிபார்க்க மனுவே வேண்டாம், உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தால் போதும். கைது மெமோவில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், நேரமும் எழுத வேண்டும். பல மெமோக்களில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தினார்களா என்பதைக் கணக்கிட அந்த நேரம்தான் அடிப்படை. அதனால் அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதை நாங்கள் சிறு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேமரா விஷயம் இன்னும் கனமானது. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் வாசல், லாக்கப், நடைவழி, ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவு வேண்டும், 18 மாதம் சேமிக்க வேண்டும் என்றது. கேமரா எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கை வந்துவிடும். "ஹார்டு டிஸ்க் கொள்ளளவு என்ன, பதிவு எத்தனை நாளில் மேலெழுதப்படுகிறது" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடித்து வதைக்கப்பட்ட சாத்தான்குளம் நிலையத்தில் 1 டிபி டிஸ்க் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்த இரவு நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். ஒரு துறையை மொத்தமாகப் புகழவும் கூடாது, மொத்தமாக இகழவும் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். யாருக்காவது பதிவு தேவைப்பட்டால், சம்பவம் நடந்த அன்றே நிலையத்துக்கும் எஸ்.பி. அல்லது ஆணையர் அலுவலகத்துக்கும் கடிதம் தர வேண்டும்: தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த இடத்துக் கேமரா, அழிக்காமல் வைக்கவும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் "பதிவு இல்லை" என்ற பதில்தான் வரும்.

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர், மாரமங்கலம் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வன உரிமைச் சட்டத்தை நாங்கள் படித்துக் காட்டத் தேவையில்லாத அளவுக்கு அவர்கள் அறிந்திருக்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்த அனுபவத்துக்கு உரிமை கோரலாம், உச்ச அளவு 4 ஹெக்டேர், குறைந்தது இரண்டு சான்று. பட்டா மட்டும்தான் சான்று என்று சொல்வது தவறு. கல் வரப்பு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், உரிமை கோராத வேறொரு முதியவரின் எழுதிய வாக்குமூலம், எல்லாமே சான்றுதான். குக்கிராமத்தில் கூட்ட வேண்டிய கிராம சபையை ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாகக் கூட்டிவிடுவதுதான் பெரிய கோளாறு. அப்போது பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கு எட்டாது. தீர்மானம் செல்லாமல் போகும். இன்னொன்று வாய்மொழி மறுப்பு. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு தர வேண்டும். வாயால் சொல்லிவிட்டால், மேல்முறையீட்டுக்கான 60 நாள் மனுதாரருக்குத் தெரியாமலே கரைந்துவிடும். எழுதி மறுத்த அலுவலரை நாங்கள் பாராட்டியிருக்கிறோம், மறுப்பு தவறாக இருந்தாலும். "பார்க்கலாம் போங்க" என்றவரைக் கண்டித்திருக்கிறோம்.

பக்கத்து தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை இந்த மலைகளில் யாரும் மறக்கவில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் அங்கே பழங்குடி மக்கள்மீது தொடங்கிய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29-ல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. 2023-ல் அதை உறுதி செய்வதற்கு முன் உயர் நீதிமன்ற நீதிபதியே ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார். கண்டனம் மூன்று துறைகளுக்கு. பாராட்டு அந்த நீதிமன்றத்துக்கும், இத்தனை ஆண்டும் சாட்சியில் உறுதியாக நின்ற பெண்களுக்கும்.

விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் தடுப்புச் சட்ட ஆணைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லித் தந்தவர்களுக்கும் நன்றி. காவலுக்கான காரணங்களைக் காவலில் உள்ளவருக்கு 5 நாளுக்குள் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசின் ஒப்புதல் வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். படிக்க முடியாத மங்கல் நகலும், மொழிபெயர்க்காத தாளும் ஆணையை உயர் நீதிமன்றத்தில் உடைத்துவிடும். நாம் வருந்துவது, அது உடைவதற்குள் சிறையில் போய்விடும் மாதங்களுக்காக.

சிறையைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் எடுத்தோம். 1950 பிப்ரவரி 11 அன்று 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊர்ச் சிறையில்தான். இன்று நாங்கள் கேட்டது ஒன்று: முதல்முறை குற்றம் சாட்டப்பட்டு, உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்ட விசாரணைக் கைதிகளுக்காக, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479-ன்படி சிறைக் கண்காணிப்பாளர் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் இதில் சேராது. கைதியோ குடும்பமோ கேட்கும்வரை காத்திருக்காமல் சிறையே எழுத வேண்டும் என்பதுதான் சட்டம்.

கடைசியாக, பெயர் சொல்ல முடியாத உங்களுக்கு. மனுவை வாங்கியதும் சீல் வைத்துத் தேதி போட்டுத் தந்த எழுத்தர், தமக்குச் சேராத மனுவை 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட்ட தகவல் அலுவலர், கட்டணமில்லாத அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு அருகிலேயே நின்ற பதிவறைக் காப்பாளர்: நீங்கள் கடமையைத்தான் செய்தீர்கள். அதையே பாராட்டாக எழுதியிருக்கிறோம், அலுவலகத்தின் பெயரோடு, உங்கள் பெயர் இல்லாமல்.

தொகுப்பில் எங்கள் கணக்கு தவறு என்று எந்த அலுவலகமாவது கருதினால், தேதியிட்ட நகலோடு எழுதுங்கள். கண்டனம் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரும்.

நன்றியுடன்,
தொகுத்தவர்கள்,
சேலம்