குளியலறை ஜாலியில் ‘களக் களக்’ கேட்டால் சேம்பரைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழை பிடித்ததும் மதுரைத் தெருக்களில் பாதாளச் சாக்கடை பொங்கும் செய்திகள் வரத் தொடங்கிவிடும். தெருவில் பொங்குவதற்கு மாநகராட்சி பதில் சொல்லட்டும். வீட்டுக்குள் பொங்குவது பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. முன்கூட்டியே ஜாடை காட்டிவிட்டுத்தான் வருகிறது. வீடுகளில் குழாய் வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் அந்த ஜாடைகளை எழுதுகிறோம்.

சிங்க்கில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, டீத்தூள், கழுவி ஊற்றிய மாவு. அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி வளைந்திருக்கும் குழாயான ட்ராப்பைக் கழற்றிக் கழுவினால் தீர்ந்தது. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் சேர்ந்து மந்தமானால்தான் கோளாறு மெயின் லைனில். அதற்கும் முன்பே ஒரு சத்தம் கேட்கும். ஃப்ளஷ் செய்ததும் பக்கத்துக் குளியலறை ஜாலியில், அதாவது தரையில் தண்ணீர் வடியும் துளையை மூடியிருக்கும் சல்லடையில், ‘களக் களக்’ என்னும். குழாயில் மாட்டிக்கொண்ட காற்று வேறு வழியில்லாமல் ட்ராப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ட்ராப்பில் நிற்பதே சுமார் 2 அங்குலத் தண்ணீர்தான். அது போய்விட்டால் நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு திறந்த மாதிரி. புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெயிலில் ட்ராப் காய்ந்திருக்கலாம். ஊற்றிய பிறகும் மறுநாளே நாறினால், மொட்டைமாடியில் சாக்கடைக் காற்று வெளியேற விட்டிருக்கும் வென்ட் பைப் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது கீழ்வீட்டு ஜாலியில் நுரை ஏறுகிறதா? இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆளைக் கூப்பிடும் முன், அடைப்பு எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரே கண்டுபிடிக்கலாம். வாசலிலோ சந்திலோ உள்ள சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். உடனே குனியாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். பிறகு கழிப்பறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். சேம்பர் காலியாக இருந்து தண்ணீரும் வராவிட்டால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் நிறைந்து நின்றால் அடைப்பு தெருப் பக்கம். அப்போது தெரு மேன்ஹோலையும் கவனியுங்கள். அதுவும் நிறைந்திருந்தால் உங்கள் குழாயில் எவ்வளவு குத்தினாலும் பலனில்லை, மாநகராட்சியில்தான் புகார் செய்ய வேண்டும். இது தெரியாமல் ஆளுக்குக் கூலி கொடுத்து ஏமாந்த வீடுகள் ஏராளம்.

அடைப்பே இல்லாத நாளிலும் சேம்பரின் உட்சுவரைப் பாருங்கள். அடியில் ஓடும் வாய்க்காலுக்கு ஒரு சாண் மேலே வெள்ளையாகப் பிசுக்கு வளையம் படிந்திருந்தால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் அடிக்கடி ஏறி நின்று வடிகிறது. அரைகுறை அடைப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. காரணம் பல சமயம் சரிவுதான். 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம், 6 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கம் வேண்டும். அடியில் மணல் பரப்பாமல் புதைத்த பிவிசி குழாய் நடுவில் தொங்கிவிட்டால், அந்த வயிற்றில் கசடு தங்கும். பழைய வீடுகளில் இன்னும் ஸ்டோன்வேர் எனும் சுட்ட களிமண் குழாய் இருக்கிறது. அதன் சிமெண்ட் இணைப்புகள் விரிசல் விட்டால் வேப்ப மரத்து வேர் ஈரத்தைத் தேடி உள்ளே புகும். குத்திவிட்ட அடைப்பு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் வேரையோ உடைப்பையோ சந்தேகியுங்கள்.

வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு: மழையில்லாமலே ஈரமாக இருக்கும் மண், உள்வாங்கும் தளக்கல், சேம்பர் ஓரத்தில் பெருச்சாளி வளை. உடைந்த குழாயிலிருந்து மண் கரைந்து போவதால்தான் தளம் இறங்குகிறது. குடிநீர் விடும்போது முதல் சில குடங்கள் கலங்கி நாறினால் இன்னும் ஆபத்து. கசிந்து கிடக்கும் கழிவை, விரிசல் விட்ட குடிநீர்க் குழாய் இழுத்துக்கொள்கிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கம் இதை மோசமாக்குகிறது.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். வேரையும் துணியையும் அது கரைக்காது, சிமெண்ட் இணைப்பைத்தான் அரிக்கும். ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூங்கில் பிளாச்சோ, கம்பியோ, ஜெட் மெஷினோ போதும். யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் சேர்த்திருந்தால் இந்த மழைக்குள் பிரித்துவிடுங்கள். கழிவுக்கென்று போட்ட குழாய் அடைமழையைத் தாங்காது.

கடைசியாக, எங்களுக்குப் பெரிதாகப் படும் விஷயம். சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, மேன்ஹோல் மூடியும் உயர்கிறது, வீடு அப்படியே நிற்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபின் ஒரு முனையை மேன்ஹோல் மூடி மட்டத்திலும் மறுமுனையை உங்கள் குளியலறைத் தரையிலும் பிடித்துப் பாருங்கள். தரை தாழ்ந்திருந்தால், தெரு லைன் அடைபடும் நாளில் கழிவு தெருவில் பொங்குவதற்கு முன்பே உங்கள் ஜாலி வழியாக மேலே வரும். அப்படிப்பட்ட வீடுகள் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு பொருத்திக்கொள்வது நல்லது. அதன் மடலில் குப்பை சிக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதால், அப்போது புழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தார்த்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருந்தார். மழைக்கு முன் சாலை போடப்போகும் தெருக்களிலாவது, தார் கொட்டும் முன் சுரண்டினார்களா என்பதை மாநகராட்சிப் பொறியாளர்கள் நேரில் நின்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுக் குழாய்ப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.