கீமோ எடுக்கும் பெண்களின் வீட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் வரட்டும்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நடத்தும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது வருகிற அசதி, தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. வீட்டில் "நீ எழுந்திருக்காதே, படுத்துக்கோ" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் படுக்கப் படுக்கத் தொடைச் சதை வற்றும், குளியலறை வரை போய்வரவே மூச்சு வாங்கும். 2017இல் ஜாமா ஆன்காலஜி இதழில் 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும்தான் கூடுதல் பலன் தந்திருந்தன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய உங்கள் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடிப் போகிறார். அவர் போகும் வீடுகளில் கீமோ எடுக்கும் பெண்களின் வீடுகளையும் தவறாமல் சேருங்கள்.

சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். முதலில் நடை. ஐந்து நிமிடம் காலை, ஐந்து நிமிடம் மாலை என்று ஆரம்பித்து, வாரம் மூன்று நாள் 30 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. வாரம் இரண்டு நாள் போதும். பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தால் பாதம் மரத்துப்போனவர்கள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும்.

ஆபரேஷன் செய்த பக்கக் கையில் எடையே தூக்கக் கூடாது என்ற பயம் இன்னும் இருக்கிறது. சர்ஜன் சம்மதித்த பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். கை வீங்கினாலோ கனமாகத் தோன்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது நல்ல வாரத்தில்தான். கீமோ போட்ட முதல் சில நாள் உடம்பு துவண்டு கிடக்கும். அப்போது அளவைப் பாதியாக்கினால் போதும். பிறகு தெம்பு வந்ததும், விட்டுப்போன துணி, பாத்திரம், வீடு துடைப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கை. கடிகாரம் பார்த்துத் தொடங்கிக் கடிகாரம் பார்த்து நிறுத்தும் பழக்கத்தை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும்.

100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பயிற்சி கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலும் நிறுத்த வேண்டும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இறங்கினாலும், நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இதையெல்லாம் வாசலில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட் எப்படித் தெரிந்துகொள்வார்? கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, கொடுக்கும் மருந்தின் பெயர், அடுத்த கீமோ தேதி, எலும்பில் பரவல் உண்டா இல்லையா. இந்த நான்கையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதி, ஒவ்வொரு கீமோ முடிந்ததும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் மறுவாழ்வுப் பணியில் உள்ள பிசியோதெரபிஸ்டுகள்